சிங்கப்பூர் - நியூயார்க்: 15,349 கிலோமீட்டர் சரி, எத்தனை மணி நேரம்?

முதலில் உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று சொல்லிவிடுகிறேன். அம்மா சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு நேரடி விமானத்தில் போகிறார், தங்கை நியூஜெர்சியில் இருக்கிறார். தூரம் எவ்வளவு என்று தேடினால் ஒரு தளம் 15,349 என்கிறது, இன்னொன்று 9,537, மூன்றாவது 8,288. நேரம் 19 மணி 34 நிமிடம் என்கிறது ஒரு தளம், டிக்கெட்டிலோ 18 மணி 40 நிமிடம். அதே டிக்கெட்டில் திங்கள் இரவு 11.35க்குக் கிளம்பி செவ்வாய் விடிகாலை 5.15க்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறது, கூட்டிப் பார்த்தால் ஆறு மணி நேரம்கூட வரவில்லை. திரும்பும்போது திங்கள் இரவு ஏறினால் புதன் காலைதான் இறங்குகிறது. போதாக்குறைக்கு வரைபடத்தில் போகும் கோடு ஜப்பான் பக்கமாகவும் வரும் கோடு ஐரோப்பா பக்கமாகவும் இருக்கிறது. இதில் எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது, அம்மா அந்த இருக்கையில் எத்தனை மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும், தூரத்தை வேகத்தால் வகுத்தால் அந்த எண் ஏன் வரமாட்டேன் என்கிறது என்பதுதான் என்று நினைக்கிறேன்.

விமானங்களுக்குப் பாதையும் எரிபொருளும் கணக்குப் போட்டுத் தரும் டிஸ்பாட்ச் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். விமானியும் இல்லை, மருத்துவரும் இல்லை. அதனால் அவ்வளவு நேரம் உட்காருவது அம்மாவின் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதை அவரைப் பார்க்கும் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

தூரத்தில் சந்தேகமே வேண்டாம். நீங்கள் பார்த்த மூன்று எண்ணும் ஒரே தூரம்தான். 15,349 கிலோமீட்டர், 9,537 சாதா மைல், 8,288 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், சாதா மைல் 1.609. விமானத் துறையில் எல்லோரும் கடல் மைலில்தான் பேசுவார்கள், பல தளங்கள் இது எந்த மைல் என்று எழுதாமல் விட்டுவிடுகின்றன, குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. நீங்களே சரிபார்க்கவும் செய்யலாம், இந்த ஜோடிக்கு அது ரொம்ப சுலபம். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் கிழக்கே 104 பாகையில் இருக்கிறது, நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் மேற்கே 74 பாகையில். கூட்டினால் 178, அதாவது ஏறக்குறைய உலகத்தின் நேர் மறுபக்கத் தீர்க்கரேகை. ஆகவே மிகக் குறுகிய வழி கிட்டத்தட்ட வட துருவத்தின் மேலேயே போகிறது. சாங்கியிலிருந்து துருவத்துக்கு 88.64 பாகை, அங்கிருந்து நியூயார்க்குக்கு இறங்க 49.36 பாகை, மொத்தம் 138. ஒரு பாகைக்குச் சுமார் 111.2 கிலோமீட்டர் வைத்துப் பெருக்கினால் 15,345 வருகிறது. தளம் சொன்னதற்கும் இதற்கும் நாலு கிலோமீட்டர்தான் வித்தியாசம். பூமி சரியான உருண்டை இல்லை, துருவங்களில் கொஞ்சம் அமுங்கியது, அதைக் கணக்கில் எடுத்தால் சில கிலோமீட்டர் முன்னே பின்னே போகும். நியூஜெர்சியில் உள்ள நியூஆர்க் விமான நிலையத்துக்கு 15,344, கென்னடியைவிட ஐந்து கிலோமீட்டர் குறைவு. அந்த ஐந்து கிலோமீட்டரால்தான் கென்னடி விமானம் உலகத்திலேயே நீளமான பயணிகள் சேவை என்ற பெயரை வாங்கியது.

இந்தக் கோட்டைச் சுவரில் மாட்டும் வரைபடத்தில் தேடினால் கிடைக்காது, உலக உருண்டையில் நூல் பிடித்துப் பாருங்கள். சாங்கியிலிருந்து நேர் வடக்கே தாய்லாந்து வளைகுடா, லாவோஸ், சீனாவின் செங்டு பக்கம், மங்கோலியா, இர்குட்ஸ்க்குக்கு மேற்கே சைபீரியா, துருவத்துக்கு 300 கிலோமீட்டருக்குள், அப்புறம் கனடாவின் வட தீவுகள், மான்ட்ரியல், நியூயார்க். ஆனால் அம்மாவின் விமானம் இந்த வழியாகப் போக வாய்ப்பு குறைவு.

ஏன் என்பதற்கு, நியூயார்க்கின் நேர் எதிர்ப்புறப் புள்ளி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குத் தென்மேற்கே, இந்தியப் பெருங்கடலில். அந்தப் புள்ளியிலிருந்து கிளம்பினால் எந்தத் திசையில் போனாலும் நியூயார்க் ஒரே தூரம். பூசணிக்காயைக் காம்பை மேலே வைத்துப் பார்த்தால் எந்த வரியைப் பிடித்து இறங்கினாலும் அடிக்கு ஒரே நீளம்தானே, அதேதான். சிங்கப்பூர் அந்தப் புள்ளியில் இல்லை, 42 பாகை தள்ளி இருக்கிறது, அதனால் வழிகளின் நீளம் ஒன்றுபோல இருக்காது, ஆனால் பக்கத்து ஊர்களுக்கு இடையே சுற்றிப் போனால் ஆகும் அளவு விரயமும் ஆகாது. கணக்கு போட்டுப் பார்க்கலாம். டோக்கியோ நரிட்டா வழியாகப் போனால் ஏறக்குறைய 5,350, அப்புறம் 10,830, மொத்தம் 16,200 கிலோமீட்டருக்குப் பக்கம். ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போனால் 10,300 சேர்த்து 6,200, மொத்தம் 16,500. ஒன்று கிழக்கே, மற்றொன்று மேற்கே, உலகத்தின் இரண்டு வெவ்வேறு பக்கம்! அப்படியும் துருவப் பாதையைவிட 850 கிலோமீட்டரும் 1,150 கிலோமீட்டரும்தான் கூடுதல். பதினைந்தாயிரத்தில் ஐந்தாறு, ஏழு சதவீதம். இவ்வளவு தூரமான ஜோடிக்கு, தூரம் என்ற எண் நேரத்தைத் தீர்மானிக்கும் வேலையைக் காற்றிடம் ஒப்படைத்துவிடுகிறது. பல வருடம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் இது.

அம்மா போகும் ஏ350 ரக விமானம் உயரத்தில் ஒலியின் வேகத்தில் 0.85 பங்கில் பறக்கும். அங்கே வெப்பநிலை சைபருக்குக் கீழே 56 பாகை வாக்கில் இருப்பதால் ஒலியே மணிக்கு 1,060 கிலோமீட்டர்தான் போகும், ஆக விமானத்தின் வேகம் சுமார் 900. ஆனால் இது காற்றுக்குள் நகரும் வேகம். காற்றே ஒரு திசையில் ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் கூடவே விமானத்தைத் தூக்கிக்கொண்டு போகும், அல்லது இழுத்துப் பிடிக்கும். வட கோளத்தின் நடு அட்சங்களில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஜெட் காற்று இருக்கிறதே, அது குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே மணிக்கு 200, 250 கிலோமீட்டர் அடிப்பது சர்வ சாதாரணம், 300ஐத் தாண்டுவதும் உண்டு. (இதை முதலில் பலூன் விட்டு அளந்தவர் வசாபுரோ ஒய்ஷி என்ற ஜப்பானிய வானிலை அறிஞர். 1926இல் எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் அறிக்கை எழுதினார், வெளிநாட்டில் யாரும் படிக்கவில்லை. அமெரிக்கக் குண்டுவீச்சு விமானிகள் 1944இல் டோக்கியோவுக்கு மேலே அதே காற்றில் மாட்டிக்கொண்டு திணறினார்கள்.) காற்று என்ன செய்யும் என்பதற்கு ஒரு உதாரணம்: 2020 பிப்ரவரியில் கியாரா புயலின்போது நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் இறங்கிவிட்டது. சாதாரணமாக ஆறரை மணி நேரம் ஆகும்.

இப்போது அம்மாவின் பாதைக்கு இதைப் பொருத்துவோம். துருவ வழி 15,350 கிலோமீட்டர், காற்று உதவியும் இல்லை, தொல்லையும் இல்லை என்று வைத்தால் 900ஆல் வகுக்க 17 மணி 3 நிமிடம். பசிபிக் வழி 16,200, சராசரியாக மணிக்கு 50 கிலோமீட்டர் பின்காற்று கிடைத்தால் 950ஆல் வகுக்க, அதே 17 மணி 3 நிமிடம். 80 கிடைத்தால் பதினாறரை. அதாவது 850 கிலோமீட்டர் சுற்றிப் போகிறவன் முதலில் வந்து சேருகிறான். அதே பசிபிக் வழியில் திரும்பினால் அந்த 50 எதிர்காற்றாகிவிடும், 850ஆல் வகுத்தால் 19 மணி நேரத்துக்கு மேல். அதனால்தான் திரும்பும் விமானம் பெரும்பாலும் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக மறுபடியும் கிழக்கு நோக்கியே பறக்கிறது. போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு, அம்மா ஊர் திரும்பும்போது உலகத்தையே ஒரு சுற்று சுற்றி வந்திருப்பார். அவரிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

மேலே போட்ட 50, 80 எல்லாம் விளக்கத்துக்கு நான் எடுத்துக்கொண்ட எண்கள். அம்மா பறக்கும் இரவில் எவ்வளவு என்பதை இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. லண்டனிலும் வாஷிங்டனிலும் இருக்கும் இரண்டு உலக வானிலை முன்னறிவிப்பு மையங்கள் உயர்காற்று விவரங்களைத் தருகின்றன. அதை வைத்துப் புறப்பாட்டுக்குச் சில மணி நேரம் முன்பு கணினி பல வழிகளைக் கணக்குப் போடும், டிஸ்பாட்சரும் கேப்டனும் பார்த்து ஒன்றை ஒப்புக்கொள்வார்கள். ஆகவே போகும்போது ஜப்பான் வழி என்பது பெரும்பாலான நாட்களுக்குப் பொருந்தும், ஒரு குறிப்பிட்ட நாளுக்கு உத்தரவாதம் இல்லை. நான் வேலையில் இருந்தபோது அடுத்தடுத்த நாட்களில் ஒரே விமானத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர் தள்ளித் தள்ளிப் பாதை போட்டதுண்டு, பயணிகளுக்கு அது தெரியவே தெரியாது.

துருவ வழியை ஒதுக்குவதற்குக் காற்று மட்டும் காரணம் இல்லை. 78 பாகை வட அட்சத்துக்கு மேலே போவதற்கு அமெரிக்க விதிகளில் தனி ஏற்பாடுகள் உண்டு. இடையில் இறங்கக்கூடிய ஊர்களை முன்பே குறித்து வைக்க வேண்டும், அவை பெரும்பாலும் ஆள் நடமாட்டம் குறைந்த பனிப்பிரதேசங்கள். அமெரிக்காவில் வழக்கமாக நிரப்பும் ஜெட் ஏ எரிபொருள் மைனஸ் 40இல் உறையத் தொடங்கும், மற்ற இடங்களில் கிடைக்கும் ஜெட் ஏ-1க்கு அது மைனஸ் 47, அதனால் டாங்க்கின் வெப்பநிலையைக் கண்காணித்துக்கொண்டே போக வேண்டும். சூரியப் புயல் வந்தால் அங்கே ரேடியோத் தொடர்பு கெடும். அதோடு அரசியலும் உண்டு. 2022 பிப்ரவரி இறுதியில் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டபோது ஃபின்ஏர் நிறுவனத்தின் ஹெல்சிங்கி - டோக்கியோ பயணம் ஒன்பதரை மணி வாக்கில் இருந்தது சுமார் 13 மணியாக நீண்டது. இரண்டு ஊரும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன, தூரம் காட்டும் தளத்தில் எண் ஒரு கிலோமீட்டரும் மாறவில்லை.

சரி, 19 மணி 34 நிமிடம் எங்கிருந்து வந்தது? அந்தத் தளங்கள் காற்றைப் பார்ப்பதே இல்லை. 9,537 மைலை மணிக்கு 500 மைல் என்று வகுத்தால் 19 மணி 4 நிமிடம், ஏறி இறங்க ஒரு அரை மணி சேர்த்தால் 19 மணி 34 நிமிடம், கணக்கு அச்சாகப் பொருந்துகிறது பாருங்கள். சென்னை - டெல்லி மாதிரிச் சின்ன பயணத்துக்கு இந்த வாய்ப்பாடு ஓரளவு ஒத்துவரும், நீண்ட பயணத்துக்குப் பிசகும். என்னைக் கேட்டால் அந்த எண்ணைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

டிக்கெட்டில் இருக்கும் 18.40 அப்படியில்லை, ஆனால் அது பறக்கும் நேரமும் இல்லை. எங்கள் ஆட்கள் அதை பிளாக் டைம் என்பார்கள். விமானம் கேட்டை விட்டுப் பின்னால் தள்ளப்படும் நொடியிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் கேட்டில் நிற்கும் நொடி வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கியபின் மறுபடி ஊர்வது எல்லாம் அதில் அடக்கம். கென்னடியில் இந்த ஊர்வதற்கே அரை மணிக்கு மேல் போகும் நாட்கள் உண்டு, குளிர்காலத்தில் கிளம்பும்போது இறக்கையில் பனி நீக்கும் வேலையும் சேர்ந்துகொள்ளும். அதோடு, அந்தப் பருவத்தில் முன்பு ஆன நேரங்களைப் பார்த்துப் பெரும்பாலான நாட்கள் சொன்ன நேரத்தில் சேரும்படி கொஞ்சம் தாராளமாகவே வைப்பார்கள். அமெரிக்கக் கணக்கில் 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் தாமதமே கிடையாது, அதனால் நிறுவனங்களுக்குத் தாராளமாக வைப்பதில் லாபம்தான். காற்று நன்றாக இருக்கும் நாளில் வானத்தில் இருக்கும் நேரம் பதினேழரை மணிக்குக் குறைவாக முடிந்து, விமானம் முக்கால் மணி முன்னதாக வந்து நிற்பதில் ஆச்சரியமில்லை. ஆக அம்மாவுக்கு நீங்கள் சொல்ல வேண்டிய பதில்: இருக்கையில் பதினெட்டு மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே. கதவு மூடுவதற்கு முன்பே ஏறி உட்கார வேண்டும் என்பதால் மனதளவில் பத்தொன்பது என்று வைத்துக்கொள்வது நல்லது.

கடிகாரப் புதிருக்கு ஒரே வழி, இரண்டு நேரத்தையும் ஒரு ஊரின் கடிகாரத்துக்கு மாற்றுவதுதான். குளிர்காலத்தில் நியூயார்க் சிங்கப்பூரைவிட 13 மணி நேரம் பின்னால். திங்கள் இரவு 11.35க்கு சாங்கியில் விமானம் நகரும்போது நியூயார்க்கில் அதே திங்கள் காலை 10.35. அதோடு 18.40ஐக் கூட்டினால் செவ்வாய் விடிகாலை 5.15. முடிந்தது. திரும்பும்போது திங்கள் இரவு 10.30க்கு ஏறினால் சிங்கப்பூரில் அப்போது செவ்வாய் காலை 11.30, அதோடு 18 மணி 50 நிமிடம் கூட்டினால் புதன் காலை 6.20. செவ்வாய்க்கிழமை முழுக்க வானத்திலேயே போய்விடும். போகும்போது நேர்மாறு. ஜப்பான் பக்கம் செவ்வாய் சூரியன் உதிக்கும், தேதிக்கோட்டைத் தாண்டியதும் மறுபடி திங்கள், கொஞ்ச நேரத்தில் அஸ்தமனம், அமெரிக்கக் கண்டத்துக்கு மேலே இரண்டாவது இரவு, இறங்குவதற்குள் மறுபடி செவ்வாய். மார்ச் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவிடுவதால் வித்தியாசம் சரியாக 12 மணி நேரம், அப்போது அம்மா முள் வைத்த கைக்கடிகாரத்தைத் தொடவே வேண்டாம், காலை மாலை மட்டும் மாறும். மணி பார்த்து மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், பயணத்தன்று எந்த ஊர் நேரப்படி சாப்பிடுவது என்பதை மட்டும் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

டிக்கெட் எடுக்கும் முன் தெரிந்திருக்க வேண்டிய இன்னொன்று. இந்தப் பாதை 2004இல் ஏ340-500 விமானத்தோடு நியூஆர்க்குக்குத் தொடங்கியது, நாலு எஞ்சின் குடித்த எரிபொருள் கட்டுப்படியாகாமல் 2013 நவம்பரில் நின்றது, 2018 அக்டோபரில் இரண்டு எஞ்சின் ஏ350-900 யுஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறக்கும் ரகம்) வந்தபின் மறுபடி உயிர் பெற்றது, கென்னடிக்கு 2020 நவம்பரில். இந்த ரக விமானத்தில் 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும், எடையில் சுமார் 130 டன். கிளம்பும்போது அதிகபட்ச மொத்த எடை 280 டன் என்றால் ஏறக்குறைய பாதி எரிபொருள்தான். அந்த எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள் செலவாகும் என்பதால் ஆட்களைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இதில் 161 இருக்கைதான் வைத்திருக்கிறது, 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமியே கிடையாது. விலையைப் பார்த்து நீங்கள் திடுக்கிட்டிருந்தால் காரணம் இதுதான்.

எகானமிதான் வேண்டுமென்றால், அல்லது பதினெட்டு மணி நேரம் ஒரே மூச்சில் உட்கார அம்மாவால் முடியாதென்றால், ஃபிராங்க்ஃபர்ட்டில் நின்று போகும் விமானத்தைப் பாருங்கள். தூரம் 1,150 கிலோமீட்டர்தான் கூடுதல் என்றாலும் நிற்கும் நேரமும் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போகும்போது வரும் எதிர்காற்றும் சேர்ந்து மொத்தம் சுமார் 24 மணி நேரம் ஆகும். நடுவே எழுந்து நடக்கலாம், கால் வீங்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். நேரடியாகவே போகிறார் என்றால் தங்கை வீட்டுக்கு எது பக்கம் என்று பார்த்து நியூஆர்க்கா கென்னடியா என முடிவு செய்யுங்கள். நியூஜெர்சி என்றால் அநேகமாக நியூஆர்க். அழைத்துப் போக வருகிறவர் டிக்கெட் நேரத்தை நம்பிக் கிளம்ப வேண்டாம், விமானம் மேலேறி மூன்று நான்கு மணி நேரம் கழித்து விமான கண்காணிப்பு செயலியில் காட்டும் இறங்கும் நேரத்தைப் பார்த்தால் போதும், அதற்குள் பாதையும் காற்றும் தெரிந்துவிட்டிருக்கும். அதற்குமேல் குடிநுழைவு வரிசைக்கு ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அது எந்தக் காற்றுக் கணக்கிலும் அடங்காது.